நான் விலகிய ஓர் அடி

ஞாயிறு இரவு, எசன் நகரம், ஜேர்மனி.

தர்சனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிபவன் அவன். அவன் மேல் யாரும் பாயாமல் முன்னால் நின்று தடுப்பவன் நான்.

போன கிழமை அவனுடைய தங்கச்சியின் பிறந்தநாளில், "எனக்கு இது பிறவியிலேயே வந்தது. ஆர் முன்னுக்கு நிண்டாலும் எறிவன்" என்று எல்லோரிடமும் சொன்னான். நான் பக்கத்தில்தான் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று ஆட்டத்தின் கடைசி நேரத்தில் எதிரணித் தடியன் ஒருவன் அவனை நோக்கி ஓடி வந்தான். நான் மறித்திருக்கலாம். பிறவித் திறமை காப்பாற்றட்டும் என்று ஓர் அடி விலகினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் தர்சன் என் கையைப் பிடித்தான். "என்ர பிழைதான் மச்சான். வேளைக்கு எறிஞ்சிருக்கோணும்."

நான் "ஓம்" என்றேன்.