ஜோடி சேரும் வரை

நவம்பர் 12

மழை விடவில்லை. உள் அறையில் கொடி கட்டித் துணி போடலாம் என்று போனேன். கதவு பாதிதான் திறந்தது. பின்னால் பெட்டிகள். செருப்புக் கடையை மூடி மூன்று மழைக்காலம் ஆயிற்று, ஆனால் அது என் வீட்டுக்குள் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. ஒருக்களித்து நுழைந்ததில் ஈரப் போர்வை ஒரு அட்டைப் பெட்டியில் பட்டுவிட்டதாம். அதற்கு வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பாட்டு விழுந்தது.

நவம்பர் 15

கடையைக் காலி செய்த அவசரத்தில், கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த ஒற்றைச் செருப்புகளையெல்லாம் இவர் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டார். எல்லாம் வலது கால். இடது கால்கள் பெட்டிகளில். ஜோடி சேர்த்து முடிக்கும் வரை ஒன்றும் வெளியே போகக் கூடாதாம். காலையில் காபி குடித்ததும் ஆபீஸ் போகிறவர் மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறார். கடையை மூடிய அன்றைக்கே மொத்த வியாபாரி வந்து அப்படியே அள்ளிக்கொள்கிறேன் என்றார். "ஒத்தைச் செருப்பு வித்தவன்னு பேர் வாங்கணுமா?" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

நவம்பர் 16

மூச்சு முட்டுகிறது. ஜன்னல் இருக்கிறது, பெட்டிக்குப் பின்னால்.

நவம்பர் 23

தங்கை மாடிப்படியில் விழுந்துவிட்டாள். வலது கணுக்கால் முறிவு, ஆபரேஷன் முடிந்தது. இனி கொஞ்ச நாள் படியே ஏறக் கூடாதாம். அவள் இருப்பது மூன்றாவது மாடி, தனியாக. தானே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வதாக இழுத்தாள். "வாயை மூடு. எங்க வீட்டுக்குத்தான் வர்ற," என்றேன்.

சொல்லிட்டேன். எங்க படுக்க வைப்பேன்? பெட்டி மேலயா?

நவம்பர் 24

இவரிடம் சொன்னேன். மாட்டேன் என்று சொன்னால் சண்டையாவது போடலாம். "வரட்டும். இதோ முடிஞ்சிடும்," என்றார். எத்தனை வருஷமா இதே 'இதோ'! கத்திவிட்டேன். நான் ஓயும் வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்: "அந்த மேசையும் அங்கதானே இருக்கு."

மகன் படித்த மேசை. பிள்ளை எங்கேயோ வேறு நாட்டில் வேறு மேசையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறான். கேட்டால், தூக்கிப் போடும்மா என்றுதான் சொல்வான். அதனால்தான் நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 28

இவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று உள்ளே போனேன். வியாபாரியின் நம்பரையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் பெட்டியைத் திறந்தேன். ஜோடி. அடுத்தது, ஜோடி. கீழே, பக்கத்தில், கடைசி வரிசையில், எல்லாம் ஜோடி. சாக்கு காலியாக மடித்து மூலையில் இருந்தது, அதன் மேல் தூசு.

அப்படியானால் என்றைக்கோ முடித்துவிட்டார். தினம் சட்டை மாட்டிக்கொண்டு போய் உள்ளே என்ன செய்கிறார்? துடைத்ததையே துடைப்பாரா? என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறார் என்று உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்தேன். பிறகு தோன்றியது — முடிந்துவிட்டது என்று சொன்னால், மறுநாள் காலை காபி குடித்துவிட்டு இந்த மனுஷன் எங்கே போவார்?

போனை வைத்துவிட்டேன். மூடிகளை இருந்தபடியே மூடினேன். கோபமும் போகவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

டிசம்பர் 2

இவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தங்கைக்கு வலது கால் கட்டும் வீக்கமுமாக இருக்கிறது. இடது கால் சிறு பிள்ளைக் கால். தையல் பிரித்ததும் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், இரண்டு காலுக்கும் கெட்டியான அடியுள்ள செருப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். "ஆளுக்கொரு அளவுல நிக்குது. எந்தக் கடையில தருவான்?" என்று சிரித்தாள்.

இவர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தொடாமல் பக்கத்தில் சாண் வைத்துப் பார்த்தார். கடையில் அப்படித்தான் உட்காருவார். "இடது அஞ்சு. வலது எட்டு," என்றார்.

"அத்தான், கடை திறந்தாச்சா?" என்றாள் அவள்.

எனக்கு ஏன் அழுகை வந்ததென்று தெரியவில்லை.

டிசம்பர் 3

இரண்டு பெட்டிகளோடு வெளியே வந்தார். பழுப்பில் ஐந்து, கறுப்பில் எட்டு. தன் கையாலேயே இரண்டு ஜோடியையும் பிரித்து, அவளுக்கு வேண்டியதைப் பையில் போட்டார். மிச்சம் இரண்டு கூடத்துத் தரையில் கிடந்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். என் வாய் சும்மா இருக்குமா? "இதுக்கு ஜோடி?" என்றேன்.

இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினார். "அந்த வியாபாரி நம்பர் உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. முந்தானையில் முடிந்து வைக்காத குறைதான்.

டிசம்பர் 8

வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது. அறையில் மேசை மட்டும். ஓரமாகத் தள்ளினால் கட்டில் நுழையும் என்று இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் தள்ளிப் பார்த்தேன். நுழையாது என்று தள்ளுவதற்கு முன்பே தெரியும். இவர் வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 9

மேசையை மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. அவளுக்குப் பரீட்சை.

ஜனவரி 21

நல்ல வெயில். போர்வைகளை உள் அறை ஜன்னலிலேயே காயப் போட்டேன்.

காபி குடித்ததும் இவர் சட்டை மாட்டிக்கொண்டு அறை வாசலில் போய் நிற்கிறார். "கிளம்பலாமா?" ஒரு கால் பழுப்பு, ஒரு கால் கறுப்புமாகத் தங்கை எழுந்து வருகிறாள். நேற்று தெருமுனை வரை போனார்களாம். வாக்கரை இவர் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாராம். அடுத்த மாதம் தன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள்.

மேலே நாற்காலி இழுக்கிற சத்தம். அந்தப் பெண் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை போன பிறகு அந்த அறையில் என்ன வைப்பது என்று இவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். சரி என்றார்.