பார்க்காத நாடகத்துக்கு ஒரு பொன்னாடை

நார்த்மீட், ஞாயிறு.

இன்னும் கோபம் அடங்கவில்லை. இங்கே வருமுன் லண்டன் பத்திரிகையில் இருபது வருடம் தொலைக்காட்சி விமர்சனம் எழுதியவள் நான். முழுதாகப் பார்க்காத நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

இன்று, புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் இந்த ஊரில் எடுத்த தொலைக்காட்சி நாடகத்தின் வெளியீட்டு விழா. மதிப்புரை சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். நாடகத்தை அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டும் வரவில்லை. மண்டப வாசலில் தயாரிப்பாளர் சுதனைப் பிடித்தேன்.

"பாக்காமல் நான் என்னத்தைச் சொல்லுறது, தம்பி?"

"அதுக்கென்ன அன்ரி, நல்லதா நாலு வார்த்தை சொன்னாக் காணும். சனம் கொத்துரொட்டிக்குப் பாத்துக்கொண்டு நிக்குது."

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். போர்த்திய பிறகு குறை சொல்ல முடியுமா? முன்வரிசையில் நடித்தவர்களின் தாய் தகப்பன்மார் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"அருமையான நாடகம்" என்றேன். வெட்கங்கெட்ட வாய்!

சற்றுமுன் சுதன் ஒரு விளம்பரப் படம் அனுப்பினான். பொன்னாடையோடு நான். கீழே கொட்டை எழுத்தில், "அருமையான நாடகம்: லண்டன் விமர்சகர்."

நாடகத்தை இன்னும் அனுப்பவில்லை.