கல்யாணப் பத்திரிகையில் வந்த ஸ்தாபகர்

6 ஜூன் 1999, ஞாயிறு

கலிபோர்னியாவிலிருந்து மீனு போன். அவளும் சிநேகிதர்களும் இன்டர்நெட்டில் நெல்லைக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் நடத்துகிறார்கள். எங்கள் நீச்சல் சங்கத்தின் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டாள். "நீதானேம்மா செயலாளர்! ஆனா அச்சுல ஆதாரம் இல்லாம ஒரு வரி ஏத்த மாட்டேன்." பெற்ற தாயிடமே இந்தக் கறார்!

ஸ்தாபகர் பெயர் காலியாக இருக்கிறதாம். எனக்கும் இவருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்த நேசையா அண்ணாச்சிதானே என்றேன். இவர் காபி டம்ளரை டக்கென்று வைத்தார். "எங்கப்பான்னா ஆரம்பிச்சது!"

11 ஜூன்

பரணைக் குடைந்து இவர் ஆதாரம் கண்டுபிடித்துவிட்டார். எது தெரியுமா — எங்கள் கல்யாணப் பத்திரிகை! மாமனார் பெயருக்குக் கீழே "நீச்சல் சங்க ஸ்தாபகர்". "அச்சுல இருக்கோல்லியோ?" மீனுவும் தாத்தா என்றதும் உருகிப்போய் ஏற்றிவிட்டாள்.

13 ஜூன்

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டருக்கு ஆள் ஆளாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். பச்சைக் குழந்தை மாதிரி சந்தோஷம். நான் எப்படிச் சொல்வேன்?

அந்த வரியைச் சேர்த்தது என் அப்பா. "நம்ம பக்கம் ஹெட்மாஸ்டர், தாசில்தார்னு இருக்கு. சம்பந்தி பேர் மட்டும் மொட்டையா இருக்கே" என்று அவராகவே அச்சகத்தில் சொல்லிவிட்டார். மாமனார் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை; இவர் நிஜமென்றே நம்பிவிட்டார். அவருக்கு நீச்சலே தெரியாது! குறுக்குத்துறை ஆற்றுப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குளித்தவர்.

15 ஜூன்

விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கே வந்தார். "இருந்துட்டுப் போட்டும்மா. பெரிய ஐயரு நல்ல மனுசன்லா? நாங்க தண்ணியில கெடக்கையில எங்க துணிமணிக்கு அவருதான காவலு." சிரிக்கத்தான் சிரித்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "அதுல என் பேரு எங்கனயாச்சும் இருக்காம்மா?" என்றார்.

இல்லை. எங்கேயுமே இல்லை.

17 ஜூன்

பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் திருச்சபைப் பத்திரிகையின் பழைய இதழைத் தேடிப் பிடித்தேன். "நேசையா நீச்சல் சங்கம் துவக்கினார்" — கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஒரு மனுஷியா? இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா செய்த வேலையையும் சேர்த்து. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டார்.

18 ஜூன்

இவர் ரசம்கூடக் கேட்கவில்லை.

20 ஜூன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு இவரே, "பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பு. போற வழியில அண்ணாச்சியையும் கூட்டிக்கலாம்" என்றார். பாவம், மூன்று நாளில் முகம் வாடிவிட்டது. இவர் சொல்லச் சொல்ல நான் மீனுவுக்கு மெயில் அடித்தேன். ஸ்தாபகர்: நேசையா. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி துடைத்து, தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இவர் குரலைத் தாழ்த்தி, "அப்பா துணிக்குக் காவல் இருந்தார்னு ஒரு வரி போடேன்" என்றார். போட்டேன்.

21 ஜூன்

மீனு பதில். ஸ்தாபகரை மாற்றிவிட்டாள். துணிக் காவலுக்கு மட்டும் "ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறாள். கடங்காரி!

9 டிசம்பர்

மீனுவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முழுக்க டாக்டர், இன்ஜினியர். எங்கள் பக்கம் தாத்தா பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்களாம். இவர் யோசிக்கவே இல்லையாம்.

"நீச்சல் சங்கத் துணிக் காவலர்."

முதல் பத்திரிகையை அண்ணாச்சிக்குக் கொடுத்தோம். அடுத்தது மீனுவுக்கு. அதன் ஓரத்தில் இவர் கைப்பட எழுதினார்: "அச்சுல வந்தாச்சு. ஏத்துடீ."