கதவைத் திறக்கிறபோது

வெரிபீ,
10.08.2024

என் அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் போனை எடுக்கிறீர்கள் இல்லை. மிருணாளினி அக்காவிடம் கேட்டால், "அம்மா குசினிக்குள்ள நிக்கிறா, பிறகு கதைப்பா" என்கிறாள். ஒரு கிழமையாக நீங்கள் அடுப்படியிலேயே நிற்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

ஆடி அமாவாசைப் பூசையை எங்கள் கோயில்காரர் யூடியூப்பில் விடுவார்கள், அதை நீங்கள் சிட்னியில் இருந்து பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளின் வரிசையில், விரலில் தர்ப்பையோடு என்னைக் கண்டீர்களாம். ஓம், அது நான்தான். அப்பாவின் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் செய்தேன். முதலே சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள்.

யுத்தம் முடிந்த நாளில் இருந்து அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறோம் அம்மா. எனக்குக் களைத்துப் போய்விட்டது. கோபம் ஆறினால் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகன்,
கஜீவன்

வென்ட்வேர்த்வில்,
02.09.2024

தம்பிக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருப்பதாக அக்கா சொன்னாள். நானும் இருக்கிறேன்.

ஒவ்வொரு வெள்ளியும் உன் அப்பாவின் பெயருக்கும் ரேவதி நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விக்கிறேன். உயிரோடு இருக்கிறவருக்குத்தான் அர்ச்சனை. நீ அங்கே இருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறாய். ஐயருக்கு முன்னால் இருந்து மகேந்திரராஜா என்று சொல்ல உனக்கு எப்படியடா நாக்கு வந்தது? அவர் செத்ததை நீ கண்டாயா? வேறு யாராவது கண்டார்களா? "இதில நில்லு, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நீதானே வந்து சொன்னாய். வாறன் என்று போன மனிசனுக்கு யாராவது தர்ப்பணம் செய்வார்களா?

என் நெற்றியில் பொட்டு இருக்கிறது. அது இருக்கும்வரைக்கும் உனக்குத் தகப்பன் இருக்கிறார்.

மருமகள் வினுஷா சமைக்கிறாளா, இல்லை இரண்டு பேருக்கும் கடைப் பாண்தானா?

அம்மா

வெரிபீ,
17.11.2024

அன்புள்ள அம்மா,

பாண்தான். அதுவும் எனக்கு மட்டும். வினுஷா டண்டினோங்கில் இருக்கும் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அமாவாசைக்கு முதலே போய்விட்டாள். உங்களுக்கு மறைத்துவிட்டோம்.

அவள் வேலையால் வரும் ரெயின் பிந்தினால் எனக்கு வீட்டில் இருக்க முடியாது. ஸ்டேஷனில் போய் நிற்பேன். ஒருநாள் ரெயினும் பிந்தி, அவளுடைய போனும் சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது. இறங்கி வந்தவளை அவ்வளவு சனத்துக்கு முன்னால் பிடித்து உலுக்கிக் கத்தினேன். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்: "ஒவ்வொரு நாளும் உயிரோட வந்து காட்டுறதுக்கு என்னால ஏலாது கஜீவன். நான் களைச்சுப் போனன்." அடுத்த நாள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் கோயிலுக்குப் போனேன். அப்பாவைச் சாகடிக்கப் போகவில்லை அம்மா. அப்பா நிற்கச் சொன்ன அந்த இடத்திலேயே நின்றுகொண்டு ஒருத்தியோடு குடும்பம் நடத்த முடியவில்லை. அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கடைசிச் சண்டையில் காயப்பட்ட அக்காவைக் கொண்டு நீங்கள் முன்னுக்குப் போய்விட்டீர்கள். பிறகு அகதி முகாமுக்கு நான் தனியே வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தீர்கள். இன்றைக்கும் நான் சிட்னிக்கு வந்தால் கதவைத் திறந்து முதலில் என் தோளுக்கு மேலால்தான் பார்க்கிறீர்கள். பிறகுதான் "வா ராசா" என்று சொல்கிறீர்கள்.

நானும் வந்தனான் அம்மா. உயிரோடு வந்தனான். அது ஒருவருக்கும் சந்தோசமாக இருக்கவில்லை.

கஜீவன்

வெரிபீ,
30.03.2025

அம்மா,

நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை. வினுஷா திரும்பி வந்துவிட்டாள். நான் கிழமைக்கு ஒருக்கால் ஒரு கவுன்சலிங் அன்ரியிடம் போகிறேன், தமிழ் ஆள்தான். ரெயின் பிந்தினால் இப்போது ஸ்டேஷனுக்கு ஓடுவதில்லை. வீட்டில் நின்று இரவுச் சோற்றுக்கு அரிசி கழுவுகிறேன். அவள் வரும்வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். அரிசி நல்ல வெள்ளையாக வருகிறது என்று வினுஷா பகிடி பண்ணுகிறாள்.

வருகிற ஆடியிலும் விரதம் பிடிப்பேன். இந்த முறை மறைக்கவில்லை, முதலே சொல்கிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். விரதச் சாப்பாட்டுக்கு அந்தக் கசப்புக் காத்தோட்டிக்காய் எப்படிப் பொரிப்பது? போன வருடம் நான் பொரித்தது கரியாகிவிட்டது. காகத்துக்கு வைத்த சோற்றுக்கு இங்கத்தைக் கறுப்பு வெள்ளை மேக்பைக் குருவிதான் வந்தது. அதுவும் காத்தோட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போய்விட்டது.

கஜீவன்

வென்ட்வேர்த்வில்,
12.07.2025

என் ராசாவுக்கு,

உன் கடைசி இரண்டு கடிதங்களும் என் தலையணைக்குக் கீழே கிடக்கின்றன. எழுதுவோம் என்று இருந்தால் கை ஓடவில்லை. உன்மேல் கோபமாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அக்கா வெஸ்ட்மீட்டில் வேலை முடிந்து வந்தால் நான்தான் கதவைத் திறப்பேன். நீ எழுதின பிறகு என்னை நானே கவனித்தேன். அவளுக்குப் பின்னாலும்தான் பார்க்கிறேன். பார்சல் கொண்டுவந்த வெள்ளைக்காரனுக்குப் பின்னாலும் பார்த்தேன் என்றால் பாரேன். பாவம், அவனும் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குக் குந்தியிருந்து நன்றாக அழுதேன்.

பொட்டை அழிக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை அர்ச்சனையும் நிற்காது. நீ உன் விரதத்தைப் பிடி. ஒரே மனிசனுக்குப் பெண்சாதி அர்ச்சனையும் மகன் தர்ப்பணமும் செய்தால் சாமி குழம்பட்டும், நாங்கள் ஏன் குழம்ப வேண்டும்?

காத்தோட்டிக்காயைப் பிளந்து, விதையை எடுத்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, மெல்லிய நெருப்பில் பொரிக்க வேண்டும். எழுதினால் மட்டும் நீ செய்துவிடுவாயா? திரும்பவும் கரியாக்குவாய். ஸ்டேஷனடிக் கடையில் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன், நானே கொண்டு வருகிறேன். அமாவாசைக்கு முதல் நாள் பிளேனுக்கு அக்கா டிக்கெட் போட்டுவிட்டாள்.

பிளேன் பிந்தினாலும் பிந்தும். நீ ஏர்போட்டில் வந்து நிற்காதே. வீட்டில் இருந்து அரிசியைக் கழுவு. நான் டாக்சி பிடித்து வருவேன்.

நீ கதவைத் திறக்கிறபோது எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நானும் உன்னை மட்டும்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்பேன். அன்றைக்கு முகாமில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா
இரஞ்சிதம்