என்னைப் பற்றி ஒரு புகார் வேண்டும்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். சிரிக்காமல் படி, உன் மகள் மந்திரியாகிவிட்டாள்!

இந்த நாட்டில் எதை யார் குறை சொல்கிறார்களோ, அவர்தான் அதற்கு மந்திரி. அது தெரியாமல் அரசு அலுவலகத்தில் நுழைந்து, "என்ன சார், எங்க தெருவுல ஒரு விளக்குகூட எரியல?" என்று கேட்டுவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு முடிதிருத்துபவர் துள்ளி எழுந்தார். "வந்துட்டியா மகராசி! இத்தனை வருஷமா நான்தான் விளக்கு மந்திரி. இந்தா ஏணி!" என்று கொடுத்துவிட்டு ஓடியே போனார்.

நேற்று ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நானே ஏறித் தெரு முழுக்க விளக்கெரிய வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஒரே சிக்கல், மந்திரிக்கு ஊருக்கு வர விடுப்பில்லை. யாராவது என்னைக் குறை சொன்னால்தான் பதவி போகும். சொன்னவர் தலையில் அது விழுமே, யார் வாய் திறப்பார்? ஜன்னலில் வெளிச்சம் அடித்துத் தூங்க முடியாத எதிர்வீட்டுக்காரிகூட, "பிரமாதம்க்கா!" என்கிறாள்.

வெளிநாட்டுப் புகாரும் செல்லுமாம். எழுதியவருக்குப் பதவி ஒட்டாதாம். அதனால் நேரத்துக்குச் சாப்பிடாதது, தலை வாராதது, எதிர்த்துப் பேசுவது, எல்லாவற்றையும் எழுது அம்மா. கேட்டு நாளாகிறது.

தபால்காரர் பையைக் கட்டுகிறார். சீக்கிரம் திட்டு.

உன் மகள்