கார்டு ஐயாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

ஜூலை 8, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். குடை மறந்தாச்சு. பிளஸ் ஒன்னில் அந்த அமெரிக்கச் சிறுகதை முடித்தேன். ஒரு ரயில் கார்டு பனியில் உறைந்து சாகிறார். கதையில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. கார்டு என்றால் யார் என்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான என் அண்ணனின் பழைய படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: வெள்ளை யூனிஃபார்ம், கையில் பச்சைக் கொடி.

ஆங்கிலக் கவிதை வகைகளில் சானெட், பாலட் புரிந்துவிட்டது. இறந்தவருக்காகப் பாடும் எலிஜிக்குத்தான் முழித்தார்கள். "நம்ம ஊர்ச் சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாக்குறீங்கல்ல, அது மாதிரிதான்" என்றேன். கதையில் வரும் கார்டுக்கு ஒன்று செய்து வரச் சொல்லியிருக்கிறேன். ஓர் உருவகமாவது வேண்டும். நல்ல யோசனை, என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

ஜூலை 10, புதன்
ஜெனிஃபர் குழு நிஜப் போஸ்டரே அச்சடித்து வந்துவிட்டது! அண்ணன் படம் பெரிதாக. "எங்கள் கார்டு ஐயாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. பச்சைக் கொடியே, ஏன் சாய்ந்தாய்?" பார்த்ததும் திக்கென்றது. உயிரோடு இருக்கிற மனிதர். ஆனால் உருவகம் பிரமாதம். பத்துக்கு ஒன்பது. வகுப்புச் சுவரில்தானே இருக்கப் போகிறது, அண்ணன் எங்கே பார்க்கப் போகிறார்.

வாங்க வேண்டியது: தைலம், சிவப்புப் பேனா.

ஜூலை 11, வியாழன்
காய்ச்சல். லீவு.

ஜூலை 12, வெள்ளி
பஸ் செல்லூரில் திரும்பியதும் சுவர் நெடுக அண்ணன். கண்ணீர் அஞ்சலி, கண்ணீர் அஞ்சலி. ஐயோ.

ஜெனிஃபர் அழுகிறாள். "ஒண்ணு மட்டும் அடிச்சுத் தரமாட்டோம்னாங்க மிஸ். மிச்சத்த அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்." அச்சகத்துக்குப் போன் போட்டேன். அந்த ஆள் நிதானமாக, "கண்ணீர் அஞ்சலின்னா ஒட்டத்தானே மேடம் அடிப்பாக? புதன் ராத்திரியே பசங்க ஒட்டிட்டாய்ங்க."

அண்ணன் இருப்பதே செல்லூரில்தான். தனியாக. அங்கே எல்லோருக்கும் அவர் 'கார்டு'. சொந்தத்தில் அவர் சண்டை போடாத வீடு இல்லை. நான்கூட கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதோடு சரி. பி.பி. வேறு. மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்
உயிரோடு இருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாடகைக்கு எடுத்தது. எல்லாம் காலி. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நேத்துக் காலைல பாத்தேன். நம்மாளுக பதறியடிச்சு வருவாக, உக்கார வைக்கணும்லன்னு சேர் எடுத்துப் போட்டேன். அம்புட்டுச் சொந்தமும் இந்த ரோட்லதான் போகுது, வருது. ஒருத்தரும் வரலம்மா."

"நான் வந்துட்டேன்லண்ணே."

"நீ ஒட்ட வச்ச போஸ்டருன்னு வந்த. வேற எவனாச்சும் ஒட்டியிருந்தா வந்திருப்பியா?"

அவர் உட்காரச் சொல்லவில்லை. அத்தனை நாற்காலிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.