ம்வேரு ஏரியின் அகலம்

ஆகஸ்ட் 6
ஏரிக்கு அக்கரை கில்வாவிலிருந்து மருமகன் போன். என் மகள் பூபேவுக்கு ஆண் குழந்தை, பிறந்து மூன்று நாளாகிறதாம். பூபே போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தொப்புள்கொடி விழற அன்னைக்குப் பேரு வைக்கணும்பா. நீ வந்து தூக்கினா உன் பேரு. வரலைன்னா இல்ல."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஏரியை இருபது தடவை கடந்தவன் என்று சின்ன வயதிலிருந்து அவளிடம் அளந்தவன் நான்தான். நடு ஏரியில் நின்றால் இரண்டு கரையும் தெரியும் என்றுகூட. உண்மையில், கஷிகிஷி சந்தையில் மீன்வலை விற்கும் நான் முழங்காலுக்கு மேல் அந்தத் தண்ணீரை அறியேன்.

ஆகஸ்ட் 7
தென்காற்று, படகு ஓடவில்லை. நல்ல சாக்கு.

ஆகஸ்ட் 8
காற்று நின்றுவிட்டது, துரோகி. என் மனைவி கதோங்கோ மூட்டையோடு நின்றாள். "படகு கிளம்புது. வர்றீங்களா, பூபே அப்பா?"
கடையில் வேலை, நாளைக்கு என்றேன்.
"நாளைக்கும் ஏரி இதே அகலம்தான்."
என் தண்ணீர்ப் பயம் அவளுக்கு மட்டும் தெரியும். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 9
பஸ். ஏரி மேற்கே கிடக்கிறது, நான் தெற்கே போகிறேன். லுவாபுலா ஆற்றைத் தாண்டி, அந்தக் கரையோடு வடக்கே ஏறினால் கில்வா. சுற்றிப் போவது ஒரு குற்றமா?

ஆகஸ்ட் 10
ஆற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். இப்போது வாடகை மோட்டார்சைக்கிள் சங்கிலி அறுந்து நடுக்காட்டில். ஓட்டுகிறவன் கேட்கிறான்: "கஷிகிஷியிலேர்ந்தா? படகுல அரை நாள்தானே, பெருசு?"
வயிற்றுக்கோளாறு என்றேன்.

ஆகஸ்ட் 12
நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். படகில் வந்ததாகவே சொன்னேன். பூபே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முழுக்கச் செம்மண்.
"இந்த வருஷம் ஏரியில புழுதி ஜாஸ்தியோப்பா?"
கதோங்கோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கொடி முந்தாநாளே விழுந்துவிட்டது. பேரனுக்குக் கதோங்கோ என்று பெயர். எங்களில் பெயருக்கு ஆண் பெண் பேதமில்லை. படகில் வந்தவள் பெயர், வேறென்ன. தூக்கினேன். மூக்கு என்னுடையதுதான். பயந்தால் விரிகிறது.

"இன்னும் ஒரு நாள் ஒட்டிக்கிட்டு இருக்காதான்னு அந்தக் கொடியையே பாத்துக்கிட்டிருந்தேன்பா" என்றாள் பூபே.
ஊருக்குத் திரும்பப் படகில் இரண்டு இடம் சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 16
எழுத்து கோணுகிறது, அலை. "பேனாவ வச்சுட்டுப் பலகையப் புடிங்க" என்கிறாள் கதோங்கோ.
நடு ஏரி. எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. பூபேவிடம் சொல்ல வேண்டும்.